உருக்கு எல்லை தாண்டும்போது கரிக்கும் ஒரு கணக்கு

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் உருக்கு ஆலைகள் வெளியிடும் ஒவ்வொரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கும் ஓர் உரிமம் ஒப்படைக்க வேண்டும். இது சந்தையில் விலைக்கு வாங்கும் உரிமம். ஆனால் வெளிநாட்டு உருக்கு மலிவாக வந்து இறங்கினால் ஆலைகள் வேறு நாட்டுக்குப் போய்விடுமே என்ற பயத்தில், உரிமங்களில் பெரும்பகுதியை இலவசமாகவே கொடுத்து வந்தார்கள். இலவசமாகக் கிடைக்கும் வரை புகையைக் குறைக்க யாருக்கு அவசரம்?

அதற்காக வந்ததுதான் கார்பன் எல்லை வரி. சட்டப்படி இது வரி அல்ல. சரக்கைச் செய்யும்போது வெளியான கார்பனுக்கு ஏற்ப இறக்குமதியாளர் சான்றிதழ் வாங்கி ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான். இரும்பு-உருக்கு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகிய ஆறும் இதில் அடக்கம். 2023 அக்டோபரிலிருந்து வெறும் அறிக்கை கேட்டார்கள். 2026 ஜனவரி 1 முதல் வரும் சரக்குக்குப் பணக் கணக்கு ஓடுகிறது. சான்றிதழ் விற்பனை 2027 பிப்ரவரியில்.

ஐரோப்பாவின் உள்ளூர் ஆலைகளுக்குத் தரும் இலவச உரிமத்தில் 2026-இல் 2.5%, 2030-இல் 48.5%, 2034-இல் முழுவதும் வெட்டு. இதைப் பார்த்துவிட்டு, முதல் ஆண்டில் 2.5% மட்டும் கட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் பலர். அது தப்புக் கணக்கு.

ஊதுலையில் (இரும்புத் தாதைக் கல்கரியால் உருக்கும் உலையில்) செய்த 1,000 டன் உருக்கை எடுத்துக்கொள்வோம். டன்னுக்கு 2.1 டன் கார்பன், உள்ளூர் ஆலைக்கு ஒரு டன் உருக்குக்கு இலவச உரிமம் தரும் அளவுகோல் 1.4 டன், சான்றிதழ் விலை 75 யூரோ என்று வைத்துக்கொள்வோம். இந்த மூன்றும் விளக்கத்துக்காக நான் எடுத்தவை. உள்ளூர் ஆலைக்கு இன்னும் இலவசமாகக் கிடைக்கும் அளவு இறக்குமதிக்கும் கழியும். 2026-இல் கழிவது 1.4-இல் 97.5%, அதாவது 1.365. மிச்சம் டன்னுக்கு 0.735 டன். 1,000 டன்னுக்குக் கட்ட வேண்டியது 55,125 யூரோ. அளவுகோலைத் தாண்டிய புகைக்கு முதல் ஆண்டிலேயே முழு விலை என்பதுதான் இதில் சூட்சுமம். 2030-இல் அதே சரக்குக்கு 1,03,425; 2034-இல் 1,57,500. பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்குபவருக்கு புகையும் செலவும் இதில் சிறு பங்குதான்.

அடிபடுவது பெரும்பாலும் ஆவணங்களில்தான். ஆலை தன் உலையின் உண்மை அளவைச் சரிபார்ப்பாளர் சான்றோடு தராவிட்டால், அந்த நாட்டுக்கென்று நிர்ணயித்த பொது மதிப்பின் மேல் கூடுதல் சதவீதமும் ஏற்றிக் கணக்கிடுவார்கள். நன்றாக நடக்கும் ஆலையும் மோசமான ஆலையின் பில்லைக் கட்ட நேரிடும். சொந்த நாட்டில் கார்பன் விலை கட்டியிருந்தால் கழித்துக்கொள்ளலாம். கட்டியதற்கு ஆதாரம் வேண்டும். மின்சாரம், ஹைட்ரஜன் தவிர்த்த மற்ற சரக்கில் ஆண்டுக்கு 50 டன் வரை கொண்டுவருபவருக்கு விலக்கு உண்டு. சில்லறை இறக்குமதியாளருக்கு நிம்மதி.

ஓட்டைகளும் உண்டு. உருக்கு போல்ட்டுக்குக் கணக்கு உண்டு, உருக்கில் செய்த வாஷிங் மெஷினுக்கு இல்லை. அப்படியானால் தகட்டை இறக்குமதி செய்து ஐரோப்பாவுக்குள் இயந்திரம் செய்பவரைவிட, முழு இயந்திரத்தை இறக்குபவருக்கே லாபம். இதை அடைக்க ஐரோப்பிய ஆணையம் 2025 டிசம்பரில் சுமார் 180 பொருட்களைச் சேர்க்க முன்மொழிந்தது.

இன்னொன்று ஏற்றுமதி. வெளியே விற்கும் ஐரோப்பிய ஆலைக்கு இலவச உரிமம் குறையும். ஆனால் கட்டிய கார்பன் விலை, சரக்கு எல்லை தாண்டும்போது திரும்பி வராது. திருப்பிக் கொடுத்தால் அது ஏற்றுமதி மானியம் என்று உலக வர்த்தக அமைப்பில் வழக்கு வரலாம்.