டேப்பெட்: மெக்கானிக் சொல்ற அந்த சொல்லு உண்மையில எதைக் குறிக்குது? (சொல் விளக்கம்)

பழைய வண்டி வச்சிருக்கறவங்க எல்லார் காதுலயும் விழுந்த சொல்லு இது. "அண்ணே டேப்பெட் அடிக்குது, ஒரு தடவ செட் பண்ணிடலாம்"னு மெக்கானிக் சொல்வார், நாமளும் சரின்னுடுவோம். டேப்பெட் சவுண்டு, டேப்பெட் செட்டிங், டேப்பெட் கவர், அந்த கவருக்கு அடியில ஆயில் கசியாம இருக்க வைக்கிற டேப்பெட் கவர் பேக்கிங், இப்படி பட்டறையில இந்த ஒரு சொல்ல வச்சே ஏகப்பட்ட வேலை நடக்குது. ஆனா அவர் கவரக் கழட்டிட்டு ஸ்க்ரூ டிரைவர் போட்டு திருப்பறாரே, அந்த எடத்துல இருக்கறது டேப்பெட் இல்ல. அது ராக்கர் ஆர்ம் (எஞ்சினுக்குள்ள காத்தும் புகையும் போற வழியைத் திறந்து மூடற வால்வை அமுக்கற கை), அதோட ஒரு முனையில இருக்கற அட்ஜஸ்டிங் ஸ்க்ரூ, அதைப் பூட்டி வைக்கிற லாக் நட்டு. அம்பாசடர் மாதிரி புஷ்ராடு எஞ்சின்ல (கீழேர்ந்து ராக்கரைத் தள்ள நீளக் கம்பி வச்ச எஞ்சின்) உண்மையான டேப்பெட் கீழ பிளாக்குக்குள்ள, கேம் ஷாஃப்ட் (கேம்னு சொல்ற மேடுகளோட சுத்தற தண்டு) மேல உக்காந்திருக்கும், கேம் தள்ளறதை வாங்கி மேல அனுப்பறது தான் அதோட வேலை, கவரக் கழட்டினா கண்ணுக்கே தெரியாது.

அப்ப ஏன் இந்தப் பேரு? இங்கிலீஷ்ல தட்டுறதுக்கு டேப்னு ஒரு வினைச்சொல் இருக்குல்ல, அதோட சின்னதுன்னு காட்டற ஒட்டு சேர்ந்து வந்தது தான் டேப்பெட். கார் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி, 18ஆம் நூற்றாண்டுலயே இயந்திரத்துல ஒண்ணைத் தட்டி இன்னொண்ணை அசைக்கிற உறுப்புக்கு இந்தப் பேரு புழக்கத்துக்கு வந்துடுச்சு. தறியிலயும் உண்டு, பாவு நூலை மேலயும் கீழயும் பிரிக்கிற முறைகள்ல டேப்பெட், டாபி, ஜக்கார்டுன்னு மூணு சொல்வாங்க, நெசவுப் படிப்பு படிச்சவங்களுக்கு தெரிஞ்சிருக்கும். என்ன ஒண்ணு, தறியில டேப்பெட்னா சுத்தற கேமையே சொல்றது, கார்ல அந்த கேம் தள்ளிவிடற உறுப்பைச் சொல்றது.

கார்ல பேரு மாறிப் போனதுக்கு காரணம் சைடு வால்வு எஞ்சின். அந்தக் காலத்து எஞ்சின்ல வால்வு சிலிண்டருக்கு பக்கத்துல பிளாக்குலயே இருக்கும், கேம் நேரா டேப்பெட்டைத் தள்ளும், டேப்பெட் வால்வைத் தள்ளும், நடுவுல வேற எதுவும் கிடையாது. டேப்பெட்டுக்கும் வால்வுக்கும் நடுவுல இடைவெளி வைக்கிற போல்ட்டும் பல எஞ்சின்ல டேப்பெட் தலையிலயே இருந்துச்சு. அதனால டேப்பெட் அட்ஜஸ்ட்மென்ட்னு சொன்னது அன்னைக்கு நூத்துக்கு நூறு சரி. அப்புறம் வால்வு மேல ஹெட்டுக்குப் போச்சு, அட்ஜஸ்ட் பண்ற எடமும் ராக்கருக்குப் போச்சு, பேரு மட்டும் அப்படியே நின்னுடுச்சு. நம்ம அம்பாசடரே இந்த மாற்றத்தைப் பார்த்த வண்டி தான், ஆரம்பத்துல 1476 சிசி சைடு வால்வு எஞ்சினோட வந்துச்சு, 1959ல 1489 சிசி பிஎம்சி ஓவர்ஹெட் வால்வு எஞ்சின் வந்துச்சு.

தமிழ்ல என்ன சொல்றதுங்கறதுக்கு வருவோம். வால்வுங்கறது லத்தீன்ல வால்வா, மடக்குக் கதவோட ஒரு பலகைன்னு பொருள். தமிழ்ல இதுக்கு அடைப்பிதழ்னு ஒரு சொல் இருக்கு, இதய வால்வுக்கு ரொம்ப அழகாப் பொருந்தும், அங்க உண்மையிலயே இதழ் இதழா இருக்கு. ஓரதர்னும் ஒரு சொல் இருக்கு, அதர்னா பழந்தமிழ்ல வழி, ஒரே பக்கம் விடற வழின்னு வருது. ஆனா எஞ்சின் வால்வு பாக்க காளான் மாதிரி தண்டும் தலையுமா இருக்கற இரும்பு, அதுல இதழும் இல்ல, அதுவா ஒரு பக்கம் மட்டும் விடறதும் இல்ல. அதனால எஞ்சின்ல வால்வுன்னே எழுதறது தான் சரின்னு நினைக்கிறேன், தமிழ் ஒலியோட நல்லா ஒட்டிக்கிச்சு. டேப்பெட்டுக்கு தட்டின்னு வச்சா மூங்கில் தட்டி ஞாபகம் வரும், உந்தின்னா பழைய பாட்டுல கொப்பூழ். தட்டுமுளைன்னு சொல்லலாம்னு எனக்குத் தோணுது, தட்டுற முளை, பாத்த உடனே புரியும். மெக்கானிக் செய்யற வேலைக்கோ இதெல்லாம் தேவையே இல்ல, வால்வு இடைவெளி வைக்கிறதுன்னா போதும். டேப்பெட் செட்டிங்னு சொல்றத விட இது சரியானதும் கூட, எதை அளக்கறாங்களோ அதையே சொல்லுது.

ஏன் இடைவெளி விடணும்னா, எஞ்சினைக் கிளப்பின உடனே முதல்ல சூடாகறது வால்வு, முக்கியமா எக்ஸாஸ்ட் வால்வு. சூடானா தண்டு நீளும். நீள எடமில்லன்னா வால்வு முழுசா மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன்னோட சூட்டைப் பெரும்பாலும் சீட்டுல (அது மூடும்போது போய் உக்கார்ற வளையம்) உக்காந்திருக்கற நேரத்துல தான் ஹெட்டுக்குக் கொடுக்கும், உக்காரவே விடலன்னா சூடு போக வழியில்லாம ஓரம் கருகி, கம்ப்ரஷன் போயிடும். அதனால எல்லாரும் பயப்பட வேண்டியது சத்தம் போடற வால்வுக்கு இல்ல, சத்தமே போடாம இறுகிக் கிடக்கற வால்வுக்கு. கேஸ்ல ஓடற வண்டிக்காரங்க இதை நல்லா மனசுல வச்சுக்கணும். எல்பிஜி, சிஎன்ஜில ஓடும்போது வால்வு சீட்டு தேஞ்சு வால்வு உள்ள உள்ள இறங்கும், அப்ப இடைவெளி அதிகமாகாது, குறையும். எஞ்சின் முன்ன விட அமைதியா ஓடுதேன்னு சந்தோஷப்படுவோம், உள்ள வால்வு வெந்துட்டு இருக்கும்.

அம்பாசடர்ல எஞ்சின் ஆறினப்புறம் 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். எட்டு வால்வு, முன்னாலேர்ந்து எண்ணிக்கணும், இதுல ஒன்பது கணக்குன்னு ஒண்ணு இருக்கு: 8வது வால்வு முழுசா அமுங்கி இருக்கும்போது 1வதை வைக்கணும், 6 அமுங்கினா 3, 4 அமுங்கினா 5, ரெண்டையும் கூட்டினா எப்பவும் ஒன்பது. ஃபீலர் கேஜ் தகட்டை (பட்டறையில பில்லர் கேஜ்னு தான் வரும்) ராக்கருக்கும் வால்வு தண்டோட நுனிக்கும் நடுவுல விட்டு இழுக்கும்போது லேசா பிடிக்கணும், மாட்டிக்கவும் கூடாது வழுக்கிட்டுப் போகவும் கூடாது. அப்புறம் ஸ்க்ரூவை டிரைவரால அசையாம பிடிச்சுக்கிட்டே லாக் நட்டை இறுக்கணும், இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பி இடைவெளி மாறிடும், அதனால இறுக்கினப்புறம் மறுபடி தகடு விட்டுப் பாக்காதவர் வேலை வேலையே இல்ல. இன்னொண்ணு, ராக்கர் முனை பல வருஷம் தட்டித் தட்டி குழியாயிருந்தா தகடு குழிக்கு மேல பாலம் மாதிரி நின்னுக்கும், அளவு சரியாக் காட்டும், சத்தம் மட்டும் போகாது. அப்ப ராக்கரைத் தான் பாக்கணும்.

மாருதி 800ல ஆறின நிலையில 0.15 மில்லிமீட்டரை ஒட்டி, சூட்டுல 0.25 ஒட்டி. சூடானா இடைவெளி குறையணும்ல, எப்படி கூடுதுன்னு கேப்பாங்க. ஹெட்டு அலுமினியம், வால்வு இரும்பு, எஞ்சின் முழுசா சூடாகி நிலைக்கு வந்ததும் அலுமினியம் அதிகமா விரிஞ்சு ராக்கரையே தூக்கிடுது. அதனால ஆறினப்ப வைக்கற அளவா சூட்டுல வைக்கற அளவான்னு கேக்காம தகடை எடுக்கக் கூடாது.

இப்ப ஆயில். டேப்பெட் அடிக்குதுன்னா உடனே கெட்டி ஆயில் ஊத்திட்டா சரியாயிடும்னு சொல்றது ரொம்ப நாளா இருக்கு. ஸ்க்ரூ வச்ச எஞ்சின்ல இடைவெளி கூடி வர்ற சத்தத்தை ஆயில் அமுக்கிக் காட்டும், இடைவெளி அப்படியே தான் இருக்கும். தமிழ்ல இதுக்கு ரெண்டு சொல்லு, மசகு எண்ணெய், உயவு எண்ணெய். மசகு நம்ம மாட்டு வண்டிச் சொல்லு, வைக்கோல் கரியும் எண்ணெயும் குழைச்சு அச்சுல போட்ட கருப்பு மை. எனக்கு இது தான் பிடிக்கும், ஆனா இலங்கையில செய்தியில மசகு எண்ணெய்னா நாம சொல்ற கச்சா எண்ணெய், பேரல் கணக்குல விலை சொல்வாங்களே அது. ரெண்டு கரையிலயும் படிக்கப் போற கட்டுரைன்னா உயவு எண்ணெய்னு எழுதறது குழப்பமில்லாதது.

ஆயிலோட கெட்டித்தன்மைக்கு பாடப்புத்தகத்துல பாகுநிலைன்னு இருக்கு, அருமையான சொல், வெல்லப் பாகு சூட்டுல ஓடும் ஆறினா இழுக்கும், ஆயிலும் அதே தான். ஆயில் டப்பா மேல போட்டிருக்கற 20டபிள்யூ-50ல டபிள்யூ குளிர்காலத்தோட (விண்டர்) முதல் எழுத்து, முன்னால இருக்கற எண் குளிர்ல எப்படி நடந்துக்கும்னு சொல்லுது, பின்னால இருக்கற எண் 100 டிகிரி செல்சியஸ்ல அளந்த பாகுநிலை. 30 கிரேடுன்னா 9.3லேர்ந்து 12.5 சென்டிஸ்டோக்ஸ் (பாகுநிலையை அளக்கற அலகு), 50 கிரேடுன்னா 16.3லேர்ந்து 21.9. முன் எண்ணை வெயிட்டுன்னு நினைச்சு "20க்கும் 5க்கும் எவ்வளவு வித்தியாசம், அதான் கெட்டி"ன்னு கடையில பேசறது தப்பு, எஞ்சின் சூடானப்புறம் பேசறது பின் எண் தான்.

டேப்பெட்டுக்கும் ஆயிலுக்கும் உண்மையான சொந்தம் வேற எடத்துல இருக்கு. கேம் மூக்கு தட்டையான டேப்பெட் மேல வழுக்கற எடம், எஞ்சின்லயே அழுத்தம் அதிகமான எடங்கள்ல ஒண்ணு. அங்க ஆயில் படலம் கிழிஞ்சா காப்பாத்தறது துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு கலவை. பாஸ்பரஸ் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் (வண்டிப் புகையோட நச்சைக் குறைக்கற உறுப்பு) கெடுக்கும்ங்கறதால, 2004ல வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) எஸ்எம் தரத்துல 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 மாதிரி மெல்லிசு கிரேடுகளுக்கு பாஸ்பரஸ் 0.08 சதவீதம்னு உச்சவரம்பு வச்சுட்டாங்க. 20டபிள்யூ-50க்கு அந்த வரம்பு கிடையாது. பழைய அம்பாசடருக்கு கன்வெர்ட்டரே இல்ல, டேப்பெட் தட்டை, அதனால விலை அதிகம்னு புது கார் ஆயிலை வாங்கி ஊத்தறதுல பழைய எஞ்சினுக்கு நல்லது ஒண்ணும் நடக்காது.

ஸ்விஃப்ட் டீசல் 1.3 மாதிரி எஞ்சின்ல கதையே வேற, அங்க ஹைட்ராலிக் டேப்பெட், ஆயில் அழுத்தமே உள்ள புகுந்து இடைவெளியை பூஜ்யமா வச்சுக்கும், திருப்பறதுக்கு ஸ்க்ரூவே கிடையாது. அந்த வண்டிய கொண்டு போய் டேப்பெட் செட் பண்ணுங்கன்னு கேக்கறதுலயும் அர்த்தமில்ல, யாராவது செட் பண்ணிட்டேன்னு காசு கேட்டா எதைன்னு கேளுங்க. அதுல காலையில கிளப்பின உடனே கொஞ்ச நேரம் டிக் டிக்குன்னு வந்து நின்னா, டேப்பெட்டுக்குள்ள இருந்த ஆயில் ராத்திரியில வடிஞ்சிருக்கு, அவ்வளவு தான். ஓடி சூடானப்புறமும் நிக்கலன்னா முதல்ல டிப் ஸ்டிக்கை எடுத்து அளவு பாருங்க, அடுத்து கடைசியா எப்ப மாத்தினோம், மேனுவல்ல போட்டிருக்கற கிரேடு தானா ஊத்தினோம்னு பாருங்க, அதுக்கப்புறம் தான் பட்டறை.