தலைகீழாக நட்ட கீரைத்தண்டு

கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "சந்தையில் வாங்கும் பொன்னாங்காணியில் இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டை நட்டு வைக்கிறேன். சிலது துளிர்க்கிறது, சிலது அழுகிப் போகிறது. எனக்குக் கைராசி இல்லை என்கிறார் மாமி. அப்படி ஒன்று உண்டா?"

இல்லை. ஆனால் அந்தத் தண்டுக்குள் நடப்பது ராசியை விட அதிசயமானது.

நான் இதைக் கற்றுக்கொண்டது 2022இல். அந்த செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதற்குக் கொஞ்சம் முன்னர்தான், வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவித்திருந்தார்கள். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் பல்கனிகளில் உடைந்த வாளிகளும் யோகட் கோப்பைகளும் நிரம்பின. மேல்மாடி அக்காவும் நானும் இருட்டும் நேரத்தில் சந்தைக்குப் போவோம். கடை கட்டுகிற வேளையில் கீரைப்பிடி மலிவாகக் கிடைக்கும். ஒரு பிடியை வாங்கி ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம். அவருடைய பாதி ஒரு வாரத்தில் வேர் விட்டுவிடும். என்னுடையது கறுத்து அழுகும். ஒரே கடை, ஒரே பிடி.

அக்கா ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவர். அவருடைய அம்மா தேயிலை நாற்றுமேடையில் வேலை செய்தவர். ஒரு நாள் என் கோப்பையை எட்டிப் பார்த்தார். "தம்பி, கணுவைப் பாருங்க. பாதித் தண்டைத் தலைகீழா வச்சிருக்கீங்க" என்றார்.

இலையெல்லாம் ஆய்ந்த துண்டுத் தண்டுக்குத் தலை எது, கால் எது? நமக்குத் தெரியாமல் போகலாம். தண்டுக்குத் தெரியும். 1878இலேயே ஜேர்மனியத் தாவரவியலாளர் ஹெர்மன் ஃபொக்டிங் இதைக் காட்டிவிட்டார். வில்லோ மரக் குச்சிகளை ஈரக் காற்றில் தொங்கவிட்டார், சிலதை நேராக, சிலதைத் தலைகீழாக. தலைகீழாகத் தொங்கியவற்றிலும், மரத்தில் இருந்தபோது எந்த நுனி கீழே இருந்ததோ அந்த நுனியில்தான் வேர் வந்தது, அது இப்போது மேலே இருந்தபோதும்.

கணுவில் மொட்டு இருப்பது, தண்ணீர் காழ் வழியாக ஏறுவது எல்லாம் பள்ளியில் படித்ததுதான். அதைத் தாண்டிப் போவோம். விஷயம் ஒட்சின் என்ற ஓமோனில் இருக்கிறது. இளந்தளிரில் உருவாகும் இது, வேர் இருக்கும் திசைக்கு மட்டும் கலம் கலமாகக் கடத்தப்படுகிறது. ஈர்ப்பு விசையால் வழிந்து இறங்குகிறது என்று நினைத்துவிட வேண்டாம். தண்டைக் கவிழ்த்து வைத்தாலும் பழைய திசையிலேயே போகும்.

எப்படி? இங்கேதான் எனக்கு ஒவ்வொரு முறையும் புல்லரிக்கும். ஒட்சின் ஒரு மென்னமிலம். கலங்களுக்கு வெளியே, கலச்சுவரில், பீ.எச். பெறுமானம் (குறையக் குறையப் புளிப்புக் கூடும்) ஏறத்தாழ 5.5. அந்தப் புளிப்பில் ஒட்சின் மூலக்கூறுகளில் 15 வீதம் அளவு தம் ஐதரசனை இழக்காமல் மின்னேற்றமின்றி இருக்கும். மின்னேற்றம் இல்லாததால் எண்ணெய்த் தன்மையான கலமென்சவ்வை ஊடுருவி உள்ளே போய்விடும். உள்ளே பீ.எச். 7ஐ ஒட்டி இருக்கிறது. போன உடனே ஐதரசன் கழன்று அயனாகிவிடும். அயனுக்கு மென்சவ்வில் வழி இல்லை. சுலபமாக நுழைந்தது, இப்போது வெளியேற முடியாமல் சிக்கிக்கொண்டது.

வெளியேற வேண்டுமானால் கதவு வேண்டும். 'பின்' (PIN) எனப்படும் புரதங்கள்தான் அந்தக் கதவுகள். கலம் அவற்றைச் சுற்றிவரப் பொருத்துவதில்லை, தன் கீழ்ப்பக்கத்தில்தான் பொருத்துகிறது. எங்கள் தொடர்மாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தரையில் மட்டும் கதவு இருப்பதாக நினைத்துப் பாருங்கள். கூரையால் உள்ளே வரலாம், போவதென்றால் கீழ்வீட்டுக்குத்தான். அங்கிருந்தும் அதற்குக் கீழே. இப்படி மணிக்குச் சுமார் 1 சென்ரிமீற்றர். விரல் நீளத் தண்டில் நுனியில் இருந்து அடிக்கு வர ஒரு இரவு போதும்.

இந்தப் புரதத்துக்கு 'பின்' என்று பெயர் வந்ததும் அழகான கதை. அதன் மரபணு பழுதான ஒரு சிறு செடியில் பூக்கள் உருவாகாமல், பூந்தண்டு குண்டூசி போல மொட்டையாக நின்றது. குண்டூசிக்கு ஆங்கிலத்தில் 'பின்', அதுதான் பெயராயிற்று.

சரி, நாம் தண்டை வெட்டும்போது என்ன ஆகிறது? ஒட்சின் வந்துகொண்டே இருக்கிறது, கீழ்வீடுதான் இல்லை. வெட்டிய இடத்துக்குச் சற்று மேலே அது தேங்குகிறது. அந்தத் தேக்கத்தில், நீரையும் உணவையும் கடத்தும் கலன்கட்டுகளை ஒட்டி இருக்கும் கலங்கள் சில மறுபடி பிரியத் தொடங்கி வேர்முனையாகின்றன. தலைகீழாக நட்டால் ஒட்சின் தேங்கும் நுனி காற்றில் காய்கிறது. மண்ணுக்குள் போன நுனியில் வேரும் இல்லை, பிறகு அழுகத்தானே செய்யும்.

அதனால் வாசகிக்குச் சொல்வது: தளிரை முழுவதும் கிள்ளிவிடாமல் சின்னதாக ஒன்றை நுனியில் விடுங்கள். ஒட்சின் அங்கிருந்துதான் வருகிறது. பெரிய இலைகளை எடுத்துவிடுங்கள், வேர் இல்லாத தண்டால் அவ்வளவு நீராவியை ஈடுசெய்ய முடியாது. வேர்த்தூள் என்று கடையில் விற்பதும் ஒட்சின் வகைதான், கீரைக்கு அந்தச் செலவு வேண்டாம். கங்குன் கீரைக்கு மண்கூட வேண்டாம், தண்ணீரிலேயே வேர்விடும். தண்ணீரை மட்டும் மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கொழும்பில் தேங்கிய கோப்பைத் தண்ணீர் என்றால் டெங்கு. கறிவேப்பிலை இப்படி லேசில் வராது, அதன் அடியில் வரும் பக்கக் கன்றைப் பிரித்து நடுங்கள்.

அப்புறம், கைராசி. அந்தப் பேச்சு என்னைக் கோபப்படுத்துகிறது. மாதவிடாய் நாளில் தொட்டால் செடி வாடும் என்று சொல்லி எத்தனை பெண்பிள்ளைகளைக் கறிவேப்பிலை மரத்துக்குக் கிட்டவே விடாமல் வைத்திருக்கிறோம். ஒட்சினுக்கு அதெல்லாம் தெரியாது. மலையகத்தில் ஒரு இலையும் ஒரு கணுவுமாகத் தேயிலைத் தண்டுகளை நட்டு மலை மலையாக வளர்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், மாதத்தின் எல்லா நாளும் வேலைக்குப் போனவர்கள். அவர்கள் கையில் இருந்தது அறிவு. அதை ராசி என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 வீதத்தை ஒட்டித்தான் இந்த நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது. அதில் கொஞ்சத்தையாவது அந்தக் கைகளின் அறிவைப் பதிவு செய்ய ஒதுக்கலாம்.

அக்கா தண்டு வெட்டும்போது அடியைச் சரிவாகவும் நுனியை நேராகவும் வெட்டுவார். பிறகு எத்தனை தண்டு கலந்து கிடந்தாலும் எது கால் என்று கண்டுபிடித்துவிடலாம். அவருடைய அம்மா சொல்லிக்கொடுத்ததாம்.