உட்காரப் போகும் சிற்பம்: காயலான் கடைப் பொருளில் கவனிக்க வேண்டியவை

1942இல் பிக்காசோ ஒரு பழைய சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் பொருத்திக் காளையின் தலையாக்கினார். பார்ப்பதற்கான சிற்பம் அது என்பதால், அதன் இணைப்பு எத்தனை கிலோ தாங்கும் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இத்தாலியின் காஸ்திலியோனி சகோதரர்கள் 1957இல் டிராக்டர் சீட்டைக் கொண்டு 'மெட்சாத்ரோ' என்ற இருக்கையை வடிவமைத்தபோதோ அந்தக் கேள்வியைத் தவிர்த்திருக்கவே முடியாது. கலைப்படைப்பா, வீட்டுச் சாமானா என்று பிரித்துச் சொல்ல முடியாத இவ்வகைப் பொருள்களைச் செய்வோருக்கும் வாங்குவோருக்கும், பழைய இரும்பில் சிற்பம் செய்து வருபவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய வாகன உதிரிபாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக்கு இப்போது சிற்பிகள் மட்டுமல்லாமல், உள் அலங்காரம் செய்வோரும் கல்லூரி மாணவர்களும் பொருள் தேடி வருகிறார்கள். பல்சக்கரம் ஸ்டூலாகிறது, தண்ணீர்க் குழாய் மேசை விளக்காகிறது. வரவேற்க வேண்டிய ஆர்வம்தான். ஆனால் பெரும்பாலோர் வடிவத்தைப் பார்த்து எடுக்கிறார்களே தவிர, அது எந்த உலோகம், முன்பு என்ன வேலை பார்த்தது என்று விசாரிப்பதில்லை.

டீப்பாய் செய்யப் பலரும் விரும்பி வாங்கும் பழைய தையல் மிஷின் கால் வார்ப்பிரும்பு. அதைச் சாதாரண வெல்டிங் ராடால் பற்றவைத்தால், பற்றவைப்பையொட்டிய பகுதி சட்டென்று குளிர்ந்து கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையை அடைந்துவிடுகிறது. சில சமயம் பற்றவைத்த கையோடு விரிசல் தெரியும். தெரியாமல் போனால், யாராவது அதன் மேல் சாயும் நாளில் தெரியும். என்ன உலோகம் என்று விளங்காத துண்டைக் கிரைண்டரில் லேசாகத் தொட்டுப் பார்த்தால் பொறியே சொல்லிவிடும்: கரிமம் குறைந்த சாதாரண எஃகான மைல்டு ஸ்டீலின் பொறி வெளிர் மஞ்சளாக நீளச் சீறிப் போகும், வார்ப்பிரும்பின் பொறி மங்கிய சிவப்பில் குட்டையாகக் கிளம்பி அணையும், கரிமம் மிகுந்த ஸ்பிரிங் எஃகின் பொறி பூப்பூவாகச் சிதறும். பின்னவை இரண்டையும் துளையிட்டு போல்ட் போட்டு இணைப்பதே நல்லது. மெட்சாத்ரோவிலும் வளைந்த எஃகுத் தண்டின் மேல் சீட்டைப் பிடித்திருப்பது கையால் திருகும் ஒரு நட்டுதான். என் கண்ணுக்கு அதன் அழகே அந்த நட்டில்தான் இருக்கிறது.

துத்தநாகம் பூசிய எஃகுக் குழாயான ஜி.ஐ. பைப்பின் ஆபத்து வேறு வகை. எஃகு உருகச் சுமார் 1500 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதன் மேலுள்ள துத்தநாகப் பூச்சோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பற்றவைக்கும்போது எழும் அடர்ந்த வெண்புகையும், அருகில் பஞ்சுபோல் மிதந்து படியும் வெள்ளைத் துகளும் அதுதான். இதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். வாயில் உலோகச் சுவை தட்டும். உலோகப் புகைக் காய்ச்சல் என்னும் இது பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடுவதால் ஃப்ளூ என்றே நினைத்துக்கொள்கிறார்கள். பால் குடித்தால் புகை ஒன்றும் செய்யாது என்பது பட்டறை நம்பிக்கை. நுரையீரலுக்குள் போன புகையைப் பால் என்ன செய்யும்? தகுந்த முகக்கவசத்துடன், திறந்த வெளியில், பற்றவைக்கும் இடத்தின் பூச்சை முன்னதாகவே தேய்த்து நீக்கிவிட வேண்டும். முலாம் பூசிய பழைய போல்ட்டுகளைச் சூடாக்கவே கூடாது. முலாம் காட்மியமாக இருந்தால் அதன் புகை உயிரையே பறிக்கக்கூடும். கண்ணால் பார்த்து அதை உறுதிசெய்ய முடியாது.

மொசாம்பிக்கின் உள்நாட்டுப் போர் 1992இல் முடிந்த பிறகு மக்களிடமிருந்து திரட்டப்பட்ட துப்பாக்கிகளைக் கொண்டு, கெஸ்டர் என்ற கலைஞர் 2001இல் செய்த ஆயுத அரியணை இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அந்தத் துப்பாக்கிகள் முதலில் செயலிழக்கச் செய்யப்பட்டன. அதன் பிறகே கலைஞர்களின் கைக்கு வந்தன. இந்த வரிசையைத்தான் நம் பட்டறைகளில் காண முடிவதில்லை. ஷாக் அப்சார்பர், பெட்ரோல் டேங்க், ரசாயன டிரம் ஆகியவை காலியாகத் தோன்றினாலும் உள்ளே அழுத்தமோ ஆவியோ மிச்சமிருக்கலாம். வெட்டும் சூட்டில் வெடிக்கும். ஆய்வகம், மருத்துவமனைச் சாமான்களை எடுக்கவே வேண்டாம். 2010இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்கு ஒரு பல்கலைக்கழகக் கருவியோடு வந்து சேர்ந்த கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் ஒரு தொழிலாளியின் உயிரைப் பறித்தது.

விளக்கு செய்வோர், உலோக உடலுக்கு எர்த் கொடுத்து மூன்று முள் பிளக்கைப் பொருத்த வேண்டும். அறுத்த குழாயின் வாய் கத்திபோல் இருக்கும். அதை அரம்போட்டு மழுக்கி, ரப்பர் வளையம் மாட்டிய பிறகே வயரை உள்ளே விட வேண்டும். வாங்குவோர் விளக்கைக் கவிழ்த்து இவ்விரண்டையும் பார்க்கலாம். காட்டத் தயங்கும் விற்பனையாளரிடம் வாங்காமல் வந்துவிடலாம்.