"தடிச்ச கம்பி போட்டுக் குடுங்க பாஸ்"

போன வாரம் ஹட்டனில் மூன்று நாள் விடாமல் மழை. மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி, உரச்சாக்கில் சுற்றிய பெட்டியோடு நனைந்துகொண்டே, வாத்தியம் திருத்தும் என் கடைக்குள் வந்தான். "பாஸ், இது ஒக்டேவ் மாண்டலின். சுதியே நிக்க மாட்டேங்குது" என்றான்.

பெட்டியைத் திறந்தேன். அது ஒக்டேவ் மாண்டலின் இல்லை. சாதாரண மாண்டலினில் யாரோ கிட்டார் கம்பியை ஏற்றியிருந்தார்கள். மாண்டலின் கம்பியின் நுனியில் ஒரு வளையம் இருக்கும், கிட்டார் கம்பியில் குண்டு மணி இருக்கும். மணி கொக்கியில் மாட்டாததால் கட்டுக்கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது. சத்தம் தொளதொளவென்று வருகிறதே என்று தம்பி தன் பங்குக்குச் சுதி சேர்க்கும் சாவியை முறுக்கி முறுக்கி ஏற்றியிருக்கிறான். கம்பியைத் தாங்கும் கட்டையான பிரிட்ஜ் நிற்கும் இடத்தில் மேல் பலகை கிண்ணம் மாதிரி உள்ளே இறங்கிவிட்டது. விற்றவர் "ஒக்டேவ்தான், பெரிய சத்தம்" என்று சொல்லி இரண்டு மாதச் சம்பளத்தை வாங்கியிருக்கிறார்.

இந்த வருடத்தில் எனக்கு இது நான்காவது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒக்டேவ் மாண்டலினில் எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக நான்கு சோடி. சுதி மாண்டலினுக்கு உள்ள அதே ஜி, டி, ஏ, ஈ. ஆனால் ஒரு ஸ்தாயி கீழே. கிட்டார் வாசிப்பவர்களுக்குச் சொன்னால் சட்டென்று விளங்கும்: இதன் ஈ கம்பி கிட்டாரின் முதல் கம்பி, டி கிட்டாரின் நான்காம் கம்பி, ஜி கிட்டாரின் ஆறாம் கம்பியில் மூன்றாம் பிரெட் (விரல் வைக்கும் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கட்டு).

உடனே வருகிற கேள்வி: "அப்போ என்கிட்ட இருக்கிற மாண்டலின்ல தடிச்ச கம்பி போட்டுக் குடுங்க பாஸ், ஒக்டேவ் ஆயிடும்தானே?" ஆகாது. இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதி வைத்தால் இனிப் போனைக் காட்டி வாசிக்கச் சொல்லலாம்.

மாண்டலினில் நட்டிலிருந்து (தலைப் பக்கம் கம்பி தங்கும் வெட்டுள்ள சின்னக் கட்டை) பிரிட்ஜ் வரைக்கும் கம்பியின் நீளம் 14 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஜி கம்பியின் தடிப்பு 38 அல்லது 40, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் அத்தனை பங்கு. நீளத்தையும் இழுவையையும் மாற்றாமல் அதே கம்பி ஒரு ஸ்தாயி கீழே பேச வேண்டுமென்றால் அதன் எடை நான்கு மடங்காக வேண்டும். எடை நான்கு மடங்கு என்றால் தடிப்பு இரண்டு மடங்கு. 40 போய் 80 ஆகிறது. 80 என்பது பேஸ் கிட்டார் கம்பி. அதை ஒரு முழத்துக்கும் குறைவான நீளத்தில் கட்டினால் கம்பி மாதிரி அதிராது, இரும்புத் துண்டு மாதிரி "டப்" என்று நிற்கும். நட்டின் வெட்டில் உட்காராது, சாவியின் துளையில் நுழையாது. சரி, கம்பியை மாற்றாமல் சும்மா தளர்த்தி ஒரு ஸ்தாயி இறக்கலாமே என்றால், இழுவை கால்வாசியாக விழுந்துவிடும். லயத்து வாசலில் துணி காயப்போடும் கொடியை மீட்டிப் பாருங்கள், அதே சங்கீதம்தான் வரும்.

அசல் ஒக்டேவ் மாண்டலினில் இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் அதன் கம்பி நீளமே பெரும்பாலும் 20 முதல் 23 அங்குலம். நீளம் கூடியதால் சுதி தானாகவே இறங்குகிறது. ஜி கம்பிக்கு 46 அளவே போதும். தாழ்ந்த சத்தத்துக்கு முதல் காரணம் நீளம், தடிப்பு அதற்குத் துணை. இன்னொரு முறை: நீளம். நீளத்தைக் கடையில் வாங்கி மாட்ட முடியாது.

தலைகீழாகச் செய்பவர்களும் உண்டு. ஒக்டேவ் மாண்டலினில் சாதாரண மாண்டலின் கம்பியை மாட்டி மாண்டலின் சுதிக்கே ஏற்றுகிறார்கள். மேல் ஈ கம்பி அந்தச் சுதிக்குப் போவதற்கு முன்னாலேயே அறுந்துவிடும். முகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாவி திருப்பாதீர்கள், தயவுசெய்து.

அப்புறம் பெயர்க் குழப்பம். ஒக்டேவ் மாண்டலின் என்று அமெரிக்காவில் சொல்வதை இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் ஒக்டேவ் மாண்டோலா என்பார்கள். வெறும் மாண்டோலா என்றால் அமெரிக்காவில் அது வேறு வாத்தியம். சுதி சி, ஜி, டி, ஏ. ஐரிஷ் பௌசூக்கி இன்னும் நீளம், 24 முதல் 26 அங்குலம் வரை போகும். கிரேக்க பௌசூக்கி 1960களில் அயர்லாந்துக்குப் போய் அங்கே உருமாறிய வாத்தியம் அது. இணையத்தில் விற்பவர்கள் மூன்று பெயரையும் ஒன்றாகக் கலந்து போடுகிறார்கள். பெயரை விட்டுவிட்டு அளவைக் கேளுங்கள். நட்டிலிருந்து பன்னிரண்டாம் பிரெட் வரை தையற்காரர் டேப்பால் அளந்து இரண்டால் பெருக்கினால் கம்பி நீளம். அந்த ஒரு படத்தை அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

எந்த நீளம் என்பது வாசிக்கிற கையைப் பொறுத்தது. கொட்டகலையிலிருந்து ஒரு தகப்பன் பதினொரு வயது மகனோடு வந்தார். பிள்ளை கர்நாடக இசை மேதை மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மாதிரி வாசிக்க வேண்டும் என்று ஆசை. வெளிநாட்டில் இருக்கும் மாமா "பெருசாவே வாங்குவோம்" என்று ஒக்டேவ் மாண்டலினை அனுப்பிவிட்டார். ஸ்ரீநிவாஸ் வாசித்தது ஐந்து ஒற்றைக் கம்பி கொண்ட சின்ன மின் மாண்டலின். கமகத்துக்குக் கம்பியை இழுக்க ஒற்றைக் கம்பிதான் வசதி. ஒக்டேவ் மாண்டலினின் சோடிக் கம்பியில் பிள்ளை அதைச் செய்யப் போனால் விரல் புண்ணாகும். விரல் எட்டுவது இன்னொரு பிரச்சினை. ஆள்காட்டி விரலை இரண்டாம் பிரெட்டிலும் சுண்டு விரலை ஏழாம் பிரெட்டிலும் வைத்தால் மாண்டலினில் நடுவே சுமார் 3 அங்குலம். 22 அங்குல ஒக்டேவ் மாண்டலினில் அதுவே ஏறக்குறைய 5 அங்குலம். அந்தப் பிள்ளையின் கையை மேசையில் விரித்து வைத்து அளந்தே காட்டினேன். தகப்பன் பேசவில்லை, பிள்ளைக்குத்தான் சிரிப்பு. மெட்டு வாசிக்கிறவர்கள் 20, 21 அங்குலத்தில் தேடுங்கள். தேவாலயப் பாடலுக்குப் பக்கத்துணையாகக் கோர்ட் மட்டும் பிடிக்கிறவர்களுக்கு 22, 23 நல்லது, கீழ்க் கம்பி நன்றாகப் பேசும்.

மரத்துக்கு வருவோம். மேல் பலகை முழு ஸ்ப்ரூஸ் மரமா, பிளைவுட்டா என்பதை விளம்பரத்தில் தேட வேண்டாம். போன் டார்ச்சைப் பிடித்து ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே தெரியும் ரேகை விளிம்பில் மடிந்து அப்படியே கீழே இறங்கினால் முழு மரம். கேக் வெட்டினது மாதிரி அடுக்கு தெரிந்தால் பிளைவுட். விளிம்பில் கறுப்புச் சாயம் பூசியிருந்தால் ஏன் பூசினார்கள் என்று கேளுங்கள். பிளைவுட் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஈரத்தைத் தாங்கும், விலையும் குறைவு. முழு மரம் என்று சொல்லி அந்த விலைக்கு விற்பதுதான் கெட்டது. இங்கேயே ஒருவர் பலா மரத்தில் கடைந்த ஒன்றைக் கொண்டுவந்தார். தச்சு வேலை அருமை, கதவு மாதிரி கனம், தட்டினாலும் கதவு மாதிரியேதான் சத்தம்.

நெக்கை, அதாவது வாத்தியத்தின் கழுத்தை, கவனிக்காமல் வாங்குவதுதான் பெரிய நட்டம். எட்டுக் கம்பியும் சுதியில் நிற்கும்போது மொத்த இழுவை சுமார் 80 கிலோ. ஒன்றரை மூட்டை அரிசியைக் கட்டி இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருப்பது மாதிரி. உள்ளே திருத்தக்கூடிய ட்ரஸ் ரொட் (நெக் வளையாமல் பிடிக்கும் இரும்புக் கம்பி) இருக்கிறதா, இல்லையென்றால் கார்பன் பைபர் பட்டையாவது வைத்திருக்கிறார்களா? இரண்டும் இல்லை என்றால் எவ்வளவு அழகான முத்துச்சிப்பி வேலை இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். பழையது வாங்குகிறவர்கள் கம்பியை முதல் பிரெட்டிலும் கடைசிப் பிரெட்டிலும் அழுத்தி நடுவே பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் இடைவெளி சரி. தீப்பெட்டி நுழைந்தால் என்னிடம் வர வேண்டியிருக்கும், அது மலிவாக முடியாது.

பெரும்பாலானவற்றில் பிரிட்ஜ் ஒட்டியிருக்காது, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கும். பஸ்ஸில் வரும்போது கொஞ்சம் நகர்ந்தாலே மேல் பிரெட்டெல்லாம் அபசுரம். பன்னிரண்டாம் பிரெட்டை அழுத்தி ஒரு முறை மீட்டுங்கள். அதே இடத்தில் அழுத்தாமல் விரலால் இலேசாகத் தொட்டு மீட்டி மணிநாதம் (ஹார்மோனிக்) எழுப்புங்கள். இரண்டும் ஒரே சுதியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரிட்ஜை நகர்த்தினால் போதும். "சாவி எல்லாத்தையும் மாத்தணும்" என்று யாராவது காசு கேட்டால் எழுந்து வாருங்கள். இதற்கு நான் காசு வாங்குவதில்லை, இரண்டு நிமிட வேலை.

செய்பவரைப் பற்றி. வடக்கு இங்கிலாந்தின் ஸ்டெபான் சோபெல், கனடாவின் லோரன்ஸ் நைபெர்க் போன்றவர்கள் கையால் செய்தவை உலகத் தரம். அந்த விலை நம்மில் பலருக்கு எட்டாது. சீனாவில் செய்கிற ஈஸ்ட்மன், ருமேனியாவின் ஹோரா மாதிரி தொழிற்சாலைகளும் இருக்கின்றன. பெயரைப் பார்த்து மயங்காதீர்கள், பெயர் இல்லை என்று ஒதுக்கவும் வேண்டாம். நான் யாரையும் எடை போடுவது ஒரு கேள்வியில்தான்: "எவ்வளவு ஈரப்பதத்தில் வைத்துச் செய்தீர்கள்?" நல்ல கைகாரர் இலக்கத்தில் பதில் சொல்வார், பெரும்பாலும் நாற்பது சொச்சம் சதவீதம் என்று. அது மட்டுமா, "நீங்கள் இருக்கும் இடம் எப்படி?" என்று திருப்பியும் கேட்பார். கேட்காதவர் உங்களுக்காகச் செய்யவில்லை, பெட்டிக்காகச் செய்கிறார். கப்பல் கட்டணத்தையும் சுங்க வரியையும் காசு கட்டுவதற்கு முன்பே விசாரியுங்கள். வாத்தியம் கொழும்பில் கிடக்க, மீட்கக் கடன் வாங்கி அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் ஈரப்பதம்? "குளிருக்கு மரம் வெடிக்கும்" என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள். அதனால் வாத்தியத்தை அடுப்படிப் பக்கம் கொண்டுபோய் வைக்கிறார்கள். நம் குளிர் மரத்தை ஒன்றும் செய்யாது. தென்மேற்குப் பருவமழைக் காலத்து ஈரம்தான் எதிரி. மே முதல் செப்டம்பர் வரை மரம் ஈரத்தைக் குடித்து ஊதும், மேல் பலகை எழும்பும், கம்பி பிரெட்டிலிருந்து உயர்ந்து விரலை அறுக்கும். அதை அடுப்புச் சூட்டில் காயவைத்தால்தான் உண்மையில் வெடிக்கும். வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், அது நனைந்ததும் மாற்றுங்கள். மழைபடும் பக்கத்துச் சுவரில் மாட்டாதீர்கள். சின்ன ஈரமானி ஒன்று பெட்டிக்குள் இருக்கட்டும். 40க்கும் 60க்கும் நடுவே நின்றால் கவலையில்லை.

மஸ்கெலியாத் தம்பியின் மாண்டலின் இப்போது கம்பி கழற்றிய நிலையில் என் மேசையில் கிடக்கிறது. உள்ளே இருந்த கட்டை பிரிந்திருந்ததை ஒட்டி நான்கு கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கிறேன். இந்த மழைக்குப் பசை காய நாளெடுக்கும். காய்ந்ததும் மாண்டலின் கம்பியே போட்டுக் கொடுப்பேன். "அப்ப ஒக்டேவ் எப்ப பாஸ்?" என்று போனில் இரண்டு தடவை கேட்டுவிட்டான். காசு சேரட்டும், வாங்குவதற்கு முன்னால் டேப் வைத்து அளந்த படத்தை எனக்கு அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.