தாவி, நிக்கினேன், மழைத்தொப்பி

"பிள்ளை தப்புத் தப்பாகப் பேசுகிறது" என்று யாராவது வந்தால், பேச்சுப் பயிற்சியாளரான நான் முதலில் கேட்பது "எந்த மாதிரி தப்பு?" என்றுதான். அவற்றில் பல, தப்புக் கணக்கில் வராதவை.

மூன்று வயதுப் பிள்ளை ஒன்று "நான் நிக்கினேன்" என்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பிறகு எங்கிருந்து வந்தது? தூக்கு என்றால் தூக்கினேன். அப்படியானால் நிக்கு என்றால் நிக்கினேன். கணக்கு சரிதானே! 'நின்னேன்' என்பதுதான் வழிக்கு வராத சொல். சில பிள்ளைகள் முதலில் 'நின்னேன்' என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டு, கொஞ்ச நாள் கழித்து 'நிக்கினேன்' என்று ஆரம்பிப்பார்கள். பெற்றோர் பதறிப்போகிறார்கள். பதற வேண்டாம். அதுவரை கேட்டதை ஒப்பித்த பிள்ளை, இப்போது இலக்கணத்தைத் தானே கண்டுபிடித்து எல்லாச் சொல்லிலும் போட்டுப் பார்க்கிறது. குடைக்குப் பெயர் தெரியாமல் 'மழைத்தொப்பி' என்பதும் இதே கெட்டிக்காரத்தனம்தான்.

'தாவி' வேறு வகை. சாவி என்று சொல்ல நாக்கு இன்னும் பழகவில்லை, ஆனால் காதுக்கு வித்தியாசம் தெரியும். அதனால்தான் நாம் கொஞ்சலாக "தாவி வேணுமா?" என்றால் பிள்ளைக்குக் கோபம் வருகிறது: "தாவி இல்ல, தாவி!" பிள்ளைகளின் மொழியை ஆராய்ந்த ஜீன் பெர்கோவும் ரோஜர் பிரவுனும் 1960-இல் இதையே பதிவு செய்தார்கள். 'ஃபிஷ்' என்பதை 'ஃபிஸ்' என்ற ஒரு பிள்ளை, பெரியவர்கள் 'ஃபிஸ்' என்றபோது ஒப்புக்கொள்ளவில்லை. 'ஃபிஷ்' என்றதும்தான் ஆமாம் என்றது.

ஆகவே மழலையைத் திருப்பிப் பேசாதீர்கள். "அப்படி இல்ல, சாவின்னு சொல்லு" என்று மடக்கவும் வேண்டாம். "ஆமா, சாவி! சாவி கீழே விழுந்துடுச்சா?" என்று பதிலுக்குள்ளேயே சரியான சொல்லை வைத்துவிடுங்கள், போதும். (விருந்தாளி வரும்போதெல்லாம் அந்த வேடிக்கைச் சொல்லைச் சொல்லவைத்துச் சிரிப்பது எனக்குப் பிடிக்காது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பிள்ளைக்குச் சீக்கிரமே புரிந்துவிடும். ஆசைக்கு ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.)

சரி, எப்போது யோசிக்க வேண்டும்? இரண்டு வயதாகியும் 'அம்மா வா' போல இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை என்றால். மூன்று வயதாகியும் பேச்சில் பெரும்பகுதி வெளி ஆட்களுக்குப் புரியவில்லை என்றால். ர, ழ வருவதற்கு இன்னும் நாளாகும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பேசிய சொற்கள் மறைந்து பேச்சே குறைந்துபோனால், எந்த வயதானாலும் உடனே வாருங்கள். 'நிக்கினேன்' இந்தக் கணக்கில் வராது. அங்கே சொல் இருக்கிறது, வடிவம்தான் மாறியிருக்கிறது.

இப்படி வருபவர்களை நான் முதலில் காது பரிசோதனைக்கு அனுப்புவேன். "கூப்பிட்டால் திரும்புகிறானே!" என்பார்கள். திரும்புவான். உரக்கக் கூப்பிடும் பெயர் கேட்கும். ஆனால் சிலவகைக் கேட்புக் குறையில் 'ச', 'ஸ்' போன்ற மெல்லிய ஒலிகள் மட்டும் விழாமல் போகும். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருந்தால்கூடக் கேட்பது மங்கும். காதில் விழாத ஒலியை வாயில் வரவழைக்க என்னால் முடியாது, அதனால் அந்த ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுவாருங்கள்.