ஐஸ் ஹாக்கி பயிற்சியாளருக்குப் பெஞ்சில் என்ன வேலை?

ஐஸ் ஹாக்கியில் தலைமைப் பயிற்சியாளர் கோட்டும் டையுமாக வீரர்களின் முதுகுக்குப் பின்னால் நிற்பார். பார்த்தால் சும்மா நிற்பது போலத்தான் இருக்கும். உண்மையில் 45 விநாடிக்கு ஒருமுறையாவது அடுத்து யார் இறங்குவது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஆளை மாற்ற ஆட்டம் நிற்க வேண்டியதில்லை.

ஏன் இவ்வளவு அவசரம்? காரணம் தொடைத் தசையில் இருக்கிறது. முழு வேகத்தில் சறுக்கினால் அங்கே சேமித்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் பத்து விநாடி அளவுக்குத்தான் தாங்கும். அப்புறம் ஆக்சிஜனுக்குக் காத்திராமல் சர்க்கரையை உடைத்துத்தான் தசை ஆற்றல் எடுக்கிறது. அமிலத்தன்மை ஏறும், பாஸ்பேட் கழிவு சேரும், கால் கனக்கும். ஒரு நிமிடம் தாண்டினால் எப்பேர்ப்பட்ட வீரரும் மந்தமாகிவிடுவார். பெஞ்சில் இரண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்தால் அந்தச் சேமிப்பில் பெரும்பகுதி மீண்டுவிடும். வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில், ஓர் அணியின் 12 முன்கள வீரர்கள் மூன்று மூன்று பேராக நான்கு வரிசையாகவும், 6 தற்காப்பாளர்கள் மூன்று ஜோடியாகவும் சுழல்வது இதனால்தான்.

சரி, களைப்பைக் கணக்குப் பார்ப்பது மட்டும்தான் வேலையா? இல்லை. ஆட்டம் நின்றிருக்கும்போது வெளியூர் அணிதான் முதலில் ஆளை இறக்க வேண்டும். உள்ளூர் அணி அதைப் பார்த்துவிட்டுத் தன் ஆட்களை இறக்கலாம். 1971 முதல் 1979 வரை மான்ட்ரியல் கனேடியன்ஸ் என்ற என்ஹெச்எல் அணிக்குப் பயிற்சியாளராக இருந்த ஸ்காட்டி போமன் இதில் கில்லாடி. எதிரணி நட்சத்திரம் இறங்கினால், அவரை மறிக்கத் தெரிந்த பாப் கெய்னி போன்றவரை எதிரே நிறுத்துவார். அங்கே அவர் வென்றது ஐந்து ஸ்டான்லி கோப்பைகள், அதாவது என்ஹெச்எல் சாம்பியன் கோப்பைகள்.

ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் இரண்டாவதில் தலைவலி கூடும். அணிகள் பக்கம் மாறும், பெஞ்ச் மட்டும் அதே இடத்தில் இருக்கும். தற்காக்கும் கோல் பெஞ்சிலிருந்து தள்ளிப் போய்விடுவதால், களைத்த தற்காப்பாளர் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்வார்.

வெளியேறுபவர் பெஞ்சுக்கு 5 அடிக்குள் வருமுன் அடுத்தவர் குதித்து ஆட்டத்தில் கலந்தால், கூடுதல் ஆள் என்று 2 நிமிடத் தண்டனை; அதுவரை அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். 1979 மே 10 அன்று மான்ட்ரியலில் நடந்த அரையிறுதியின் ஏழாவது ஆட்டத்தில், டான் செரி பயிற்சியளித்த பாஸ்டன் புரூயின்ஸ் போமனின் கனேடியன்ஸுக்கு எதிராக 4-3 என்று முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடிய மூன்று நிமிடம்கூட இல்லை. அப்போது அவர்கள் பக்கம் ஓர் ஆள் அதிகமாகிவிட்டது. அந்தத் தண்டனை நேரத்தில் கனேடியன்ஸின் கி லாஃப்லர் கோல் அடித்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் அதே அணியின் இவான் லாம்பர்ட் கோல் அடித்து முடித்துவைத்தார். போமன் அந்த வருடக் கோப்பையையும் தூக்கினார். செரிக்குப் பாஸ்டனில் அதுவே கடைசிப் பருவம்.