லேஞ்சியில் ஒரு கீறல்

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஓர் அக்காவும் தம்பியும் சேர்ந்து கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். அக்கா தாதியர் பயிற்சியில் இருக்கிறார், தம்பி பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கிறார். "அக்காவின்ர புத்தகத்தில டென்சர் எண்டா தசை. என்ர புத்தகத்தில அது எண்களின் அட்டவணை. ரெண்டும் ஒண்டா சேர்?"

சொல் ஒன்றுதான். இழுத்து விறைப்பாக்குதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. உடலில் எதையாவது இழுத்து இறுக்கும் தசைகள் சிலவற்றுக்கு அந்தப் பெயர். காதுக்குள் சம்மட்டியுரு என்பைப் பிடித்திழுத்துச் செவிப்பறையை இறுக்கும் டென்சர் டிம்பனி அவற்றில் ஒன்று. முறுக்கைக் கடிக்கும்போது நம் காதே அடைத்துப்போகாமல் சத்தத்தைத் தணிப்பதில் அதற்கும் பங்குண்டு. கணிதத்தில் 1846இல் அயர்லாந்துக் கணிதவியலாளர் ஹமில்டன் இந்தச் சொல்லை வேறொரு பொருளில் எடுத்தாண்டார். இன்றைய பொருளைத் தந்தவர் 1898இல் பளிங்குகளின் இயல்புகளைப் பற்றி எழுதிய ஜேர்மன் பௌதிகவியலாளர் ஃபோக்ட். பளிங்கை இழுத்தால் உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் அவருடைய பிரச்சினையும்.

சரி, இனி ஒரு பழைய லேஞ்சியை எடுங்கள். இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்து விறைப்பாக இழுங்கள். இழுக்கும் திசைக்குக் குறுக்கே நடுவில் பிளேட்டால் ஒரு சின்னக் கீறல் போடுங்கள். மீன் வாய் திறப்பதுபோல் அது விரியும். இழுக்கும் திசையோடு ஒட்டி இன்னொரு கீறல் போட்டால், அது கோடாகவே கிடக்கும். சாய்வாகக் கீறினால்? கொஞ்சம் விரியும், அத்தோடு இரண்டு விளிம்புகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு எதிரெதிரே நழுவப் பார்க்கும்.

துணி ஒன்று, இழுவை ஒன்று. கீறலின் சாய்வு மாற மாற, அதன் குறுக்கே தெரியும் விசையின் அளவும் மாறுகிறது, திசையும் மாறுகிறது. இதை ஒற்றை எண்ணால் சொல்ல முடியாது. அம்புக்குறி ஒன்று போட்டாலும் போதாது. "எந்தப் பக்கமாகக் கீறுகிறாய், சொல். எந்தப் பக்கமாக இழுபடும் என்று நான் சொல்கிறேன்" என்று பதில் தரும் ஒன்று வேண்டும். அதுதான் டென்சர். முப்பரிமாணத்தில் மூன்று வகைக் கீறல், ஒவ்வொன்றிலும் விசைக்கு மூன்று கூறுகள், ஆக 9 எண்கள். பொருளின் சிறு துண்டு தானாகச் சுழலத் தொடங்கக்கூடாது என்பதால் அவற்றில் 6தான் தனித்தவை. தம்பி பார்த்த அட்டவணை இதுதான். எங்கள் வகுப்புகளில் அட்டவணையை முதலில் எழுதிவிட்டு லேஞ்சியைக் காட்டாமலே விடுகிறார்கள். எனக்கு இது பெரிய மனக்குறை.

அக்காவுக்கும் இதே லேஞ்சியில் பாடம் இருக்கிறது. 1861இல் வியன்னாவில் லாங்கர் என்ற உடற்கூற்றியலாளர் பிணங்களின் தோலில் வட்ட முனையுள்ள ஊசியால் குத்திப் பார்த்தார். துளைகள் வட்டமாக நிற்கவில்லை, நீள்வட்டமாக இழுபட்டன. அந்த நீளப் பக்கங்களைத் தொடுத்து உடல் முழுக்கக் கோடுகள் வரைந்தார். அந்தக் கோட்டோடு போகும் வெட்டு அதிகம் வாய் பிளக்காது, தழும்பும் மெல்லியதாக ஆறும். சத்திரசிகிச்சை நிபுணர்கள் கத்தி வைக்குமுன் தோலின் இழுவைத் திசையை இன்றும் கவனிக்கிறார்கள்.

கடைசியாகக் கடலுக்குப் போவோம். அசையாத நீரில் கீறலை எப்படித் திருப்பினாலும் அழுத்தம் ஒன்றே, நழுவலும் கிடையாது. அட்டவணையில் மூலைவிட்டத்தில் ஒரே எண் மூன்று முறை, மற்றதெல்லாம் பூச்சியம். அதனால்தான் புறாமலைத் தீவுப் பக்கம் சுழியோடுகிறவர் தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் காதுவலி குறைவதில்லை. 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இரு மடங்கு. செவிப்பறை உள்நோக்கி அமுங்கும்.

இப்படி அடைத்த காதுக்குச் சூடாக்கிய தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. தயவுசெய்து விடாதீர்கள். அடைப்பு செவிப்பறைக்கு அந்தப் பக்கம். பறை முழுதாக இருந்தால் எண்ணெய் அங்கே போகாது, கிழிந்திருந்தால் போய்க் கெடுதல் செய்யும்.

சுழியோடுகிறவர் செய்வது வேறு. வலி தொடங்குமுன்பே மூக்கைப் பொத்திக்கொண்டு எச்சில் விழுங்குகிறார். அண்ணத்தை இழுத்து இறுக்கும் டென்சர் வேலி பலட்டினி என்ற தசை, தொண்டையிலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாயைத் திறந்துவிடுகிறது. காற்று உள்ளே போகிறது, 'டக்' என்று ஒரு சத்தம், பறை பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது.